அசைவும் அடக்கமும்: டி.எஸ். கனகாவை வாசித்தல்

சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையில், வாலாஜாபாத் ரோடு பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், என் மாமியார் இருபத்தைந்து வருடங்கள் பூ விற்றார். கடை என்று சொன்னால் ஒரு ஸ்டூல், ஒரு மூங்கில் தட்டு, ஈரச் சாக்கு, அவ்வளவுதான். பூ கட்டும்போது அவர் கையைப் பார்க்கவே மாட்டார். கண் ரோட்டில் இருக்கும், வாய் யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் தம் போக்கில் வாழைநாரில் சுருக்குப் போட்டுக்கொண்டே போகும். மருமகளாக வந்த புதிதில் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் திணறிய எனக்கு அந்தக் கைகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

அந்தக் கை மெதுவாகிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர்கள் வாடிக்கையாளர்கள். முழம் தளர்ந்திருக்கிறது, வீட்டுக்குப் போவதற்குள் பூ உதிர்கிறது என்றார்கள். அடுத்து அவருடைய முகம் மாறியது. சிரிப்பு குறைந்தது. கண் இமைப்பதுகூடக் குறைந்தது. உறவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தபோது, "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா?" என்று என் காதுபடவே கேட்டார்கள். மருமகள் கொடுமையோ என்ற சந்தேகமும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. எனக்கு இதைவிட வெட்கமான ஒன்று உண்டு. நானும் அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பெண்ணுடல் பற்றிக் கவிதை எழுதுகிறவள், கல்லூரியில் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிறவள், ஒரு பெண்ணின் அசையாத முகத்தை அவளுடைய குணமாகத்தான் வாசித்தேன்.

நோய்க்குப் பெயர் கிடைக்க நான்கு வருடங்கள் ஆயின. தோள் வலிக்கு ஒருவர் ஊசி போட்டார். வயசு என்றார் இன்னொருவர். மாதவிடாய் நின்றபின் வரும் மனச்சோர்வு என்று ஒருவர் மாத்திரை எழுதினார். கடைசியில் சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவர், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து விரித்துத் தட்டச் சொன்னார். பத்துத் தட்டுக்குள் விரல்களின் விரிவு சுருங்கிப்போனது. பார்க்கின்சன் என்றார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை என்னிடம் சொன்னார்: "நான் சிரிச்சிக்கிட்டுத்தாம்மா இருந்தேன். வெளிய வரல போல."

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது. நான் மருத்துவர் இல்லை, வாசகி. பிரதிகளை வாசிப்பது என் தொழில். ஆகவே இந்த நோயின் வரலாற்றையும் பிரதியாகவே வாசிக்கத் தொடங்கினேன். என் கேள்வி ஒன்றுதான்: அசைவு பற்றிய ஆய்வு யாருடைய முறையீட்டிலிருந்து தொடங்குகிறது?

*

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் வெளியிட்ட சிறு நூல் நடுக்குவாதத்தைப் பற்றியது. அதில் அவர் விவரிப்பது ஆறு பேரை. ஆறு பேரும் ஆண்கள். சிலரை அவர் தெருவில்தான் கண்டார். இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று அதிகம் வருவது உண்மை. ஆனால் ஆறில் ஆறு என்பது நோயின் கணக்கு மட்டுமல்ல, தெருவின் கணக்கும்கூட. குனிந்து, சிற்றடி வைத்து, விரைந்து நடக்கும் ஒரு முதியவர் லண்டன் தெருவில் மருத்துவரின் கண்ணில் படுவார். வீட்டுக்குள் கரண்டி பிடிக்க முடியாமல்போன முதியவள் எப்படிப் படுவாள்?

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவர் பாரிசின் ஷார்க்கோ. அவர் வேலை பார்த்த சால்பெத்ரியேர், ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த மருத்துவமனை. நரம்பியல் என்ற துறையே ஒருவகையில் அந்தப் பெண்களின் உடல்களைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. அங்கே பெண்கள் நோயாளிகளாகவும் காட்சிப் பொருளாகவும் இருந்தார்கள். எழுதுகிற இடத்தில் அவர்கள் இல்லை.

நம் ஊர்க் கதையும் இதற்குள் உண்டு. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937இல் கண்டு வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூளையில் டோப்பமின் குறைவதுதான் காரணம் என்று தெரிந்து, லெவோடோபா நோயாளிகளிடம் நன்கு வேலை செய்கிறது என்று உறுதிப்பட 1960கள் ஆகிவிட்டன. அதுவரை, அதற்குப் பிறகும் சில காலம், கடும் நடுக்கத்துக்கு இருந்த வழி அறுவை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியை அளந்து செலுத்தி, தாலமஸ் போன்ற ஆழப் பகுதியில் சிறு புள்ளியை மட்டும் அழிப்பார்கள். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். கையை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். சரியான புள்ளி அழிந்தால் நடுக்கம் அந்த மேசையிலேயே நின்றுபோகும்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தி நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே 1960களில் இந்த அறுவை வளர்ந்தபோது, அந்தக் குழுவில் வி. பாலசுப்ரமணியத்துடன் வேலை பார்த்தவர் டி.எஸ். கனகா.

*

கனகா 1932இல் சென்னையில் பிறந்தவர். 1954இல் எம்.பி.பி.எஸ்., 1963இல் பொது அறுவையில் எம்.எஸ்., 1968இல் நரம்பறுவையில் எம்.சி.எச். இடையில் சீனப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவ அதிகாரியாகவும் இருந்தார். மூளைக்குள் நிரந்தர மின்முனைகளைப் பொருத்துவதில் இந்தியாவில் முன்னோடி என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஓய்வுக்குப் பின் பெற்றோர் பெயரில் மருத்துவமனை நடத்தினார். 2018 நவம்பரில் இறந்தார்.

அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அநேகமாக எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவர். சேவையே வாழ்க்கை என்று இருந்தவர். 139 முறை ரத்ததானம் செய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றவர். பெண் சாதனையாளர் பற்றிய தமிழ்க் கட்டுரைக்கு வேண்டிய எல்லாமே இதில் உண்டு: முதல், தியாகம், கொடை. அவர் என்ன ஆய்வு செய்தார் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரிதான். ஓர் ஆண் மருத்துவருக்கு அஞ்சலி எழுதும்போது அவர் எத்தனை யூனிட் ரத்தம் கொடுத்தார் என்று எழுதி முடிப்பார்களா?

'முதல்' என்ற பட்டத்தையே கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். ருமேனியாவின் சோபியா இயோனெஸ்கு 1940களிலேயே மூளை அறுவை செய்தார். துருக்கியின் அய்சிமா அல்தினோக் 1959இல் தகுதி பெற்றார். துருக்கியை ஆசியா என்று கொள்வதா, ஐரோப்பா என்று கொள்வதா என்பதைப் பொறுத்துக் கனகாவின் பட்டம் மாறிவிடும். ஒரு பெண்ணின் நாற்பதாண்டு உழைப்பை வரைபடக் கோடு ஒன்றின்மேல் நிறுத்திவைப்பது மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை. முதல் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் எழுதியதைப் படிக்க வேண்டிய வேலை நமக்கு மிச்சமாகிவிடுகிறது. பெண்ணியவாதிகளாகிய நாமும் இந்தச் சோம்பலைச் செய்திருக்கிறோம். மார்ச் எட்டாம் தேதி கல்லூரிச் சுவரில் நான் ஒட்டவைத்த படங்களில் கனகாவும் உண்டு. அவர் எழுதிய ஒரு கட்டுரையைக்கூட அப்போது நான் படித்திருக்கவில்லை.

*

படித்தபோது சங்கடமானேன். அந்தச் சங்கடத்தை மறைக்காமல் எழுத வேண்டும்.

நடுக்கத்தை நிறுத்தவும், மூளைவாதக் குழந்தைகளின் கட்டுக்கடங்காத அசைவுகளைக் குறைக்கவும் கைவந்த அதே நுட்பத்தை, சென்னைக் குழு இன்னொன்றுக்கும் பயன்படுத்தியது. மூர்க்கம், ஓயாத துறுதுறுப்பு, அடங்காமை ஆகியவற்றுக்காக மூளையின் அமிக்டலாவிலும் ஹைப்போதாலமஸிலும் சிறு பகுதிகளை அழிக்கும் அறுவை அது. வழி காட்டியது ஜப்பான். பார்க்கின்சன் அறுவையில் முன்னோடியான நராபயாஷி 1963இல் அமிக்டலா அறுவையைப் பற்றி எழுதினார். ஹைப்போதாலமஸ் அறுவை டோக்கியோவின் சானோவுடையது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து வந்த கட்டுரைகளில் பாலசுப்ரமணியம், கனகா, ராமமூர்த்தி ஆகிய பெயர்கள் சேர்ந்து வருகின்றன. இவ்வகைச் சிகிச்சைக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'அமைதிப்படுத்தும் நரம்பறுவை' என்று சொல்லலாம். நோயாளியை அமைதியானவராக, சமாளிக்கக் கூடியவராக ஆக்குவது அதன் நோக்கம். பலனைத் தரம் பிரித்த அளவுகோலும் அதுவே. நோயாளிகளில் குழந்தைகளும் இருந்தார்கள். 1964 முதல் செய்த இத்தகைய 603 அறுவைகளைப் பற்றி ராமமூர்த்தி 1988இல் எழுதினார்.

அந்தக் காலத்தை மறந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது எளிது. மருந்துகள் குறைவு. வீட்டில் சங்கிலி, வெளியே மனநலக் காப்பகத்தின் அடைப்பு, இவற்றுக்கு நடுவில் ஒரு குடும்பம் மருத்துவரிடம் வருகிறது. தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் பிள்ளையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கு அந்த அறுவை நிம்மதியாகவும் இருந்திருக்கும். அந்தத் தாயும் பெண்தான், அவளை நான் கணக்கிலிருந்து எடுக்க மாட்டேன். அந்த மருத்துவர்கள் கொடியவர்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

என் கேள்வி அளவுகோலைப் பற்றியது. சமாளிக்க முடிகிறதா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். அசைவது ஒருவர், முறையிடுவது இன்னொருவர். முறையிட்டவருக்கு நிம்மதி வந்துவிட்டால் அசைந்தவர் குணமானதாகக் கணக்காகிறது. கத்தியின் கீழ் இருந்தவரின் சொல் அந்தக் கணக்கில் ஏறவில்லை. அமெரிக்காவில் 1970களில் இவ்வகை அறுவைகளைப் பற்றிப் பெரும் விவாதம் நடந்தது. இங்கே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அறுவைக்கு உட்படுபவரின் தெரிந்தளித்த ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் இன்றி மனநோய்க்காக மூளை அறுவை செய்யக் கூடாது என்று சொல்கிறது.

பெண்களாகிய நமக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. ஆடாமல் அசங்காமல் இரு. சத்தமாகச் சிரிக்காதே. காலை ஆட்டாதே. அடக்கம் என்ற ஒரு சொல்லுக்குள் நற்குணத்தையும் அசைவின்மையையும் சேர்த்துவைத்த மொழி நம்முடையது. அடங்காத உடலுக்கு முறையீடு செய்ய ஊரே இருக்கும். கனகாவும் அந்த மொழிக்குள் வளர்ந்தவர். பெண்ணின் கையை அறுவை மேசையில் எளிதில் நம்பாத காலத்தில் கத்தியெடுத்து நின்றவர். அப்படிப்பட்டவர் பெயரும் சேர்ந்த கட்டுரையில், அமைதியாக்குவது சிகிச்சையின் வெற்றியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெண் துறைக்குள் நுழைந்துவிட்டதாலேயே துறையின் கண் மாறிவிடாது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டு நூலும் சொன்னதில்லை. அவரைத் தேவதையாக்கினாலும் குற்றவாளியாக்கினாலும் இது கண்ணில் படாது. தன் எழுத்துக்குப் பொறுப்பான ஆய்வாளராக அவரை வாசித்தால்தான் படும். ஆண் ஆய்வாளருக்குக் கேட்காமலே கிடைக்கும் மரியாதை இது.

*

இனி மறுபக்கம். அடங்காதவருக்காக முறையிட ஆள் உண்டு. மெதுவாக அடங்கிப்போகும் பெண்ணுக்காக யார் முறையிடுவார்கள்?

என் மாமியார் நான்கு வருடங்களாக அசைவை இழந்துகொண்டிருந்தார். பேச்சு தாழ்ந்தது. நடக்கும்போது வலக்கை வீசவில்லை. சாப்பிட நேரமானது. ஒரு மாமியாரின் குரல் தாழ்ந்துபோனால் எந்த வீட்டில் புகார் எழும்? 'முன்ன மாதிரி இல்ல, சாதுவாயிட்டாங்க' என்று என் கணவரின் தங்கை மகிழ்ச்சியோடு சொன்னாள். நோய் அவரை நல்ல பெண்ணாக்கிக்கொண்டிருந்தது. அதில் நோய் என்று கண்ணில் பட்டது, சிரிக்காத முகம் மட்டுமே. அதுவும் திமிர் என்ற பெயரில்.

மருந்து ஆரம்பித்தபின் கை ஓரளவு திரும்பியது. மாத்திரை நேரம் தவறினால் உடல் பூட்டிக்கொள்ளும். வருடங்கள் போகப் போக மருந்தே வேண்டாத அசைவுகளைக் கொண்டுவரும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அசைவுக் கோளாறுகளுக்கான மையத்தை நடத்தியவரும் 2015இல் அந்த நிறுவனத்தின் இயக்குநரானவருமான நரம்பியலாளர் ஆஷா கிஷோரின் ஆய்வுகளில் ஒரு பகுதி இந்தச் சிக்கலைப் பற்றியதுதான். மருந்து தடுமாறும் கட்டத்தில் உதவுவது, 1987இல் பெனாபித் பிரான்சில் தொடங்கிய ஆழ்மூளை மின்தூண்டல். அழிப்பதற்குப் பதிலாக மின்முனை வைப்பது. பல லட்சம் ரூபாய் ஆகும். இந்தச் சிகிச்சை ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாகவே போய்ச் சேர்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மாவுக்கு அவ்வளவு செலவா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அப்பாவுக்கு என்றால் நிலத்தை விற்பதைப் பற்றிப் பேச்சாவது எழும்.

பராமரிப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளி ஆணாக இருந்தால் மனைவி. பெண்ணாக இருந்தால் மகள், மருமகள். என் கவிதைத் தொகுப்பொன்று மூன்று வருடம் தள்ளிப்போனது அத்தையின் மாத்திரை வேளைகளுக்கு நடுவில்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

*

நான் வகுப்பெடுத்த பெண்கள் பலர் இன்று இந்தச் சாலையின் ஆலைகளில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே கூட்டுச்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். வல்லம் வடகாலில் 2024இல் திறந்த விடுதி மட்டும் 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. அங்கே கையின் அசைவு நொடிக்கணக்கில் அளக்கப்படுகிறது. பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்: "மேடம், தூங்கும்போதும் கை லைன்ல நிக்கிற மாதிரியே அசையுது." லைனில் வேகம் குறைந்தால் உடனே தெரிந்துவிடும், திரையில் எண் சிவந்துவிடும். ஆனால் அது ஒரு பெண்ணின் உடல்நிலை பற்றிய தகவலாக அல்ல, உற்பத்தி பற்றிய புகாராகப் பதிவாகும். என் மாமியாரின் முழம் தளர்ந்ததும் புகாராகத்தான் வந்தது.

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு, கைபேசி ஆலையொன்றின் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்க வேண்டிய கைகள் அன்று அசையவில்லை. அடங்க மறுக்கிறார்கள் என்று சொன்னவர்களை நான் எங்கள் தெருவிலேயே கேட்டேன். அந்தப் பெண்கள் தங்கள் உடலுக்காகத் தாங்களே முறையிட்டார்கள். அப்படி நடந்த பிறகுதான் விடுதிகளின் நிலையைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள்.

தொழிலும் பார்க்கின்சனும் பற்றி உலகில் ஆய்வுகள் உண்டு. வெல்டிங் புகையிலுள்ள மாங்கனீசு அதிகம் சேர்ந்தால் பார்க்கின்சன் போன்ற நிலை வரலாம் என்பது நெடுநாளாகத் தெரிந்தது. உலோகப் பாகங்களின் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட ட்ரைக்ளோரோஎத்திலீன் குடிநீரில் கலந்திருந்த அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றில் தங்கியவர்களுக்கு, நோய்க்கான வாய்ப்பு மற்றொரு முகாமைவிட 70 சதவீதம் அதிகம் என்று 2023இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்த ஆய்வு நடந்ததற்குக் காரணம், அங்கே வாழ்ந்தவர்கள் பல ஆண்டுகள் விடாமல் முறையிட்டார்கள். இருபது வயதில் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு வந்து, கல்யாணத்தோடு ஊர் திரும்பிவிடும் நம் பெண்களுக்கு அறுபது வயதில் கை மெதுவானால், எந்த ஊரில், எந்தக் கூடத்தில், யார் அதை முறையிடுவார்கள்? இங்கிருந்து ஒருத்தி நரம்பியல் படித்து வந்தால், அவளிடம் நான் எதிர்பார்ப்பது முதல் பெண் என்ற பட்டத்தையல்ல. இந்தக் கேள்வியை.

கல்லூரிச் சுவரிலிருந்து கனகாவின் படத்தை நான் எடுக்கவில்லை. அதன் கீழிருந்த 'ஆசியாவின் முதல்' என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, அவர் எழுதிய கட்டுரைகளின் தலைப்புகளைத் தமிழில் எழுதி ஒட்டினேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி வந்து, அமைதிப்படுத்தும் அறுவை என்றால் என்ன மேடம் என்று கேட்டாள். ஒரு மணிநேரம் பேசினோம். அதற்கு முந்தைய வருடங்களில் அந்தப் படத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை.

அத்தை இப்போதும் சனிக்கிழமைகளில் பூ கட்டுகிறார், வீட்டுச் சாமிக்கு மட்டும். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு உட்காருவார். ஒரு முழத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது. இப்போது கையைப் பார்த்துக்கொண்டேதான் கட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நாரை நனைத்துக் கொடுக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. சிரிக்கிறீர்களா அத்தை என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.